இரண்டு நெல் மூட்டைகள்

ஹப்சிகுடா

செல்லத்துக்கு,

போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கச்சிபௌலி ஹாஸ்டலுக்கு இந்தக் கடிதம்.

தாலி கட்டும்போது உன்னை மடியில் வைத்துக்கொள்ள என் முழங்கால் தாங்காதாம். பெரியப்பா உட்காரட்டும் என்று இங்கே முடிவே செய்துவிட்டார்கள். யாரைக் கேட்டு?

மணமேடையில் நான் உட்காரப் போடும் ஒரு நெல் மூட்டை தாழ்வாக இருக்கிறது, கால் மடங்க மறுக்கிறது, அவ்வளவுதான். இரண்டாக அடுக்கச் சொல்லிவிட்டேன்.

"அப்படி வழக்கமில்லையே மாமா" என்று இழுத்தார் சாஸ்திரிகள்.

"இனிமே வழக்கம்" என்றேன்.

நேற்று வீட்டு அரிசி மூட்டைகளை அடுக்கி உட்கார்ந்தும் பார்த்தேன். எழுந்திருக்க உன் அம்மா கை கொடுத்தாள். அதை விடு.

அன்றைக்கு எனக்கு வலிக்குமோ என்று பயந்து பாதி பாரத்தை உன் காலிலேயே தாங்கிக்கொள்ளாதே. முழுசாக உட்கார்.

அப்பா