எட்டுக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

செவ்வாய், டிசம்பர் 4, 1934

காலையில் தூறல். போத்தனூர் ஸ்டேஷன். வண்டி முக்கால் மணி தாமதம். சாராள் பெஞ்சில் உட்காரவே இல்லை. கையில் மல்லிகைச் சரம், இடக்கைக்கும் வலக்கைக்கும் மாறியபடி. கொழும்பில் கப்பலை விட்டு இறங்கி, தனுஷ்கோடி வழியாக, இங்கிலீஷும் தெரியாமல் தனியாக வருகிறவள் எங்கே எந்த வண்டியில் மாறி ஏறினாளோ என்று கவலை.

சரியாக வந்து சேர்ந்தாள் கார்மென். கறுப்பு உடை, தோல் பெட்டி ஒன்று, ஒரு ஜாடி ஆலிவ் ஊறுகாய். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுகை, உடனே சிரிப்பு, உடனே ஸ்பானியப் பேச்சு. ஜட்காவில் வீடு வரும்வரை ஓயவில்லை. நான் முன்னால், வண்டிக்காரர் பக்கத்தில். பத்து வார்த்தையில் மூன்று பிடிபட்டது.

வாசலில் வந்து நின்றாள் கார்மென். படி ஏறவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் நின்றாள், சிரித்தபடி.

"ஏனுங்க, நீங்க இன்னும் வாங்கன்னு சொல்லலீங்க" என்றாள் சாராள்.

"வாங்க" என்றேன். உள்ளே வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மிஷன் எங்களை, புருஷன் பெண்டாட்டி இருவரையும், ஸ்பெயின் தேசத்துக்கு எட்டு மாதம் அனுப்பியது. அங்கே தெற்குக் கரையில் மீன்பிடிக்கிற ஊர், சின்னச் சபை, அதற்கு ஒரு பள்ளிக்கூடம். கார்மென் அதன் ஆசிரியை. போய் இறங்கிய அன்று எல்லோரும் கை குலுக்கினார்கள், சிரித்தார்கள். ஒருவரும் "வாங்க" சொல்லவில்லை. சாராள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அழைக்காத வீட்டில் எப்படி நுழைவது என்று என்னிடம் தமிழில் சண்டை. விஷயத்தைத் தெரிந்துகொண்ட கார்மென் மறுநாளே அந்தச் சொல்லைக் கற்று, எட்டு மாதமும் தினம் வாசலில் சொன்னாள். இன்று வட்டி கேட்டுவிட்டாள்.

மதியம் அரிசிம்பருப்பு சாதம், நெய். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். சிறுவாணித் தண்ணீருக்கு நல்ல பெயர்.

புதன், 5

வெயில். மில் சங்கு கேட்டு கா. திடுக்கிட்டு எழுந்தாளாம். கப்பல் என்று நினைத்தாளாம்.

பத்து மணிக்கு ஞானமுத்து வந்தார், எங்கள் சபைக் கமிட்டியின் செக்ரட்டரி. நான் வாய் திறக்குமுன் கா. எழுந்து "வாங்க" என்றாள். மனிதர் பூரித்துப்போனார்.

"அட, நம்ம பக்கத்து அம்மணியாட்டவே சொல்றாங்க பாருங்க! ஏனுங்க, ஞாயித்துக்கெழம ஆராதனையில இவங்க அவங்க ஊரப் பத்திப் பேசோணும். நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லோணும்."

"நானா?"

"பின்ன ஆருங்க? அந்தூரப் பத்திப் பேப்பர்ல எட்டுக் கட்டுரை எழுதுன கையி. கோயமுத்தூருல ஸ்பானிஷ் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதானுங்க. வெளியூருச் சபையில இருந்தெல்லாம் ஆளு வருதுங்க."

"ஆகட்டும்" என்றேன். ஏன் சொன்னேன்? சாராள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. அவர் போன பிறகு:

"ஆகட்டும்னு சொல்லிப்போட்டீங்க."

"ஆமா."

"சரியுங்க."

அந்தச் "சரியுங்க" மத்தியானம் முழுக்கக் காதில்.

உள்ளதை உள்ளபடி இங்கேயாவது எழுதலாம். அங்கே எனக்குத் தினம் மூன்று மணி நேரம் இலக்கணப் பாடம், வாத்தியார் வைத்து. ஆறு நோட்டுப் புத்தகம் நிரம்பியது. சாராளுக்கு அதே நேரத்தில் மீன் சந்தை, பள்ளிக்கூட அடுப்படி, கார்மெனோடு வீடு வீடாக. அவள் ஒரு வரி எழுதவில்லை. நான் எழுத்தில் இருந்தால் வாசிப்பேன், நிதானமாகக் கேட்டால் பதில் சொல்வேன். ஆள் வேகமாகப் பேசினால் போயிற்று. எட்டுக் கட்டுரையில் வருகிற மீன்காரர், விதவை, ரொட்டிக் கடைக்காரி, எல்லோர் பேச்சும் சாராள் கேட்டு வந்து அடுப்பங்கரையில் எனக்குத் தமிழில் சொன்னது. நான் எழுதி, அவளிடமே வாசித்துக் காட்டுவேன். அவள் திருத்துவாள்.

ஐந்தாவது கட்டுரை: படகு திரும்பாத மூன்று நாள். ஊரெல்லாம் பேசினது அதைத்தான். "நேரில் நின்று பார்த்தது போல இருக்கிறது" என்று எத்தனை கடிதம். அந்த மூன்று நாளும் நான் ஜன்னல் சாத்திய அறையில் வினைச்சொல் மனப்பாடம்.

வியாழன், 6

சா. ஒரு யோசனை சொன்னாள். "கார்மென் என்ன பேசுவான்னு இப்பவே கேட்டு நான் தமிழ்ல சொல்லிப்போடறேன். நீங்க எழுதி வெச்சுக்குங்க. ஆருக்குந் தெரியாதுங்க."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். கா. பேசினாள், சா. சொன்னாள், நான் எழுதினேன். அருமையாக வந்தது. இரண்டாம் முறை பேசச் சொன்னோம். வேறு மாதிரி பேசினாள். மூன்றாம் முறை அதுவும் இல்லை, ஆட்டுக்குட்டிக் கதை ஒன்று புதிதாக. நான் எழுதி வைத்ததையே விடாமல் வாசித்தேன். கா. சாராளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"வேண்டாமுங்க."

"சொல்லு."

"உங்க ஊட்டுக்காரரு நான் சொல்லாததையெல்லாம் எத்தன அழகாச் சொல்றாருங்கறா."

நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டேன்.

பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷம். ஆள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, அவரிடமே திரும்ப வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பது. பஞ்சுச் சந்தை விலையானாலும் சரி, கொலை வழக்கானாலும் சரி. என் செய்திக்கு இதுவரை ஒரு திருத்தம் வந்ததில்லை. எடிட்டர் புது ஆட்களிடம் இதைச் சொல்லிக் காட்டுவார். ஞாயிறு நான் போய் நின்றால், கார்மென் சொல்லாததை முந்நூறு பேருக்கு முன் சொல்வேன். ஒருவருக்கும் தெரியாது, இரண்டு பெண்களைத் தவிர.

வெள்ளி, 7

காலை ஏழு மணிக்கே ஞானமுத்து வீடு. எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னால ஆகாதுங்க. சாராள் சொல்லட்டும்" என்றேன்.

"அம்மணியா? அஞ்சாங் கிளாசுங்களே."

"ஸ்பானிய பாஷை அவளுக்குத்தான் தெரியும்."

"வெளையாடாதீங்க. நம்மூருப் பொம்பளைங்க பிரசங்க பீடத்துல ஏறி நின்னா கமிட்டியில நாலு பேரு எந்திரிச்சுப் போயிருவாங்க. அதுவும் போகட்டும். அப்ப நீங்க பேப்பர்ல எழுதுனதெல்லாம்?"

"எல்லாம் நிஜம். காதுதான் என்னுடையது இல்லை."

வாளியைக் கீழே வைத்தார். "இத நீங்க என்ற காதுல சொல்றது பெருசில்லீங்க. நான் கமிட்டியில போயி சொன்னா, சம்சாரத்த மேல ஏத்தறதுக்குப் பொய் சொல்றாருன்னுவாங்க. அச்சுல வரட்டும். நாளைக்குப் பேப்பரப் பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க."

நேரே ஆபீஸ். திருத்தம் எழுதிக் கொடுத்தேன். எடிட்டர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "அவசியமா?" "அவசியம்." "மூன்றாம் பக்கம் கீழே" என்றார்.

அச்சுக் கோக்கிற அங்கப்பன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துப் பெட்டி பக்கமே போகவில்லை. "ஐயா, உங்க பேர்லயா? ஊருக்கெல்லாம் திருத்தம் கோத்திருக்கறேன். தாசில்தாருக்குக் கோத்தேன், மில்லுக்காரருக்குக் கோத்தேன். உங்களுக்குக் கோக்க இந்தக் கையி வருமுங்களா?"

"வரும். பிழை இல்லாமல் கோ."

நகல்:

திருத்தம். "ஸ்பெயின் தேசத்தில் எட்டு மாதம்" என்ற தலைப்பில் நமது பத்திரிகையில் வந்த எட்டுக் கட்டுரைகளிலும் அவ்வூரார் பேசியதாகக் காணும் சொற்களை நேரில் கேட்டவர் கட்டுரையாளர் அல்ல, அவருடைய மனைவியார். ஐந்தாம் கட்டுரையில் கடற்கரையில் இருந்தவரும் அவரே. கட்டுரையாளர் அப்போது அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் சொல்லவில்லை. கா. சந்தகை பிழியக் கற்கிறாள். சுவரெல்லாம் மாவு.

சனி, 8

வானம் மூடாக்கு. பேப்பர் வந்தது. பிழை இல்லை, அங்கப்பன் வாழ்க.

ஒப்பணக்கார வீதியில் வந்த பேச்சுகள்:
பேப்பர்க் கடை காதர் பாய்: "அப்ப அடுத்த தொடர அம்மாவையே எழுதச் சொல்லுங்க."
ஒரு வக்கீல்: சிரிப்பு மட்டும்.
போதகர்: கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஞானமுத்து. கமிட்டி ஒப்பியது. ஒரு நிபந்தனை: பிரசங்க பீடத்தில் ஏறக்கூடாது, கீழே தரையில் நிற்கலாம். "நாலு பேருல ரெண்டு பேரு எந்திரிச்சாங்க. ஒருத்தரு மறுபடி உக்காந்துட்டாருங்க. பேப்பரு செஞ்ச வேலை."

சாராள் பேப்பரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். இரண்டு முறை. சந்தோஷம் வரும் என்று எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"மனைவியார்னு போட்டிருக்கறீங்க. அவளுக்குப் பேரு இல்லீங்களா?"

பேப்பரை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"எட்டுக் கட்டுரையும் எனக்கு வாசிச்சுக் காட்டுனீங்க. இது ஒண்ணுதான் காட்டாம போட்டீங்க. காட்டியிருந்தாச் சொல்லியிருப்பேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் வாசித்துக் காட்டாமல் அச்சுக்குப் போன முதல் செய்தி. அதிலேயே பெயர் விட்டுப்போயிற்று.

பிறகு, மாவுக் கையோடு திரும்பிப் பார்க்காமல்: "நாளைக்கு என்ன சீலை கட்டட்டும்?"

ஞாயிறு, 9

வெயில், காற்று. கோயில் நிறைந்து வாசலிலும் ஆட்கள். பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்திலிருந்தெல்லாம்.

கார்மெனைப் பீடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவள் சாராள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தாள். இறங்கி வந்து தரையிலேயே பக்கத்தில் நின்றுகொண்டாள். ஞானமுத்து என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சா. பச்சைச் சீலை. முதல் வாக்கியத்தில் குரல் கம்மியது. மூன்றாவதில் சரியாயிற்று. கா. ஓடினால் இவளும் ஓடினாள், கா. நின்றால் இவளும் நின்றாள். ஆட்டுக்குட்டிக் கதைக்குக் கோயிலே சிரித்தது. நம் பேச்சிலேயே சொன்னாள், புத்தகத் தமிழ் இல்லை. பின்வரிசையில் ஒரு கிழவர்: "ஏனப்பா, அந்தூருலயும் நம்மளாட்டத்தானா!" பென்சில் என் கையில். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

கடைசியில் கா. சாராளைப் பார்த்துக்கொண்டே, முதல் தடவையாக நிதானமாக, ஏதோ சொன்னாள். சாராள் வாய் திறக்கவில்லை. கா. மறுபடி சொன்னாள்.

"இது என்னயப் பத்திச் சொல்றாங்க. வேண்டாமுங்க" என்றாள் சா., சபையைப் பார்த்து. சிரிப்பு. "சொல்லு கண்ணு, சொல்லு" என்று பெண்கள் பக்கத்திலிருந்து. தலையாட்டி மறுத்துவிட்டாள்.

நிதானமாகச் சொன்னதால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் பிடிபட்டது. எழுந்து நின்றேன், என் இடத்திலேயே.

"கார்மென் சொல்வது: எங்கள் ஊர்ப் படகு திரும்பாத மூன்று நாளும் சாராள் எங்கள் பெண்களோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் படகு ஒரு ஆள் குறைந்து வந்தபோதும் எழுந்து போகவில்லை. அப்போது அவளுக்கு எங்கள் பாஷையில் நாற்பது வார்த்தைதான் தெரியும். அந்த நாற்பதையும் எங்களுக்கே கொடுத்தாள்."

கார்மெனிடம் திரும்பி அவள் பாஷையிலேயே கேட்டேன், சரியா என்று. தலையசைத்தாள். இரண்டாம் முறையும் அசைத்தாள்.

பெயரைச் சொன்னேன். முந்நூறு பேர் கேட்டார்கள். சாராள் தரையைப் பார்த்து நின்றாள், காது சிவந்து.

வெளியே ஞானமுத்து: "கடைசியா நீங்க சொன்னது நெசமாவே அவங்க சொன்னதுதானுங்களா?" "சம்சாரத்தைக் கேளுங்க" என்றேன்.

வீடு. இலை போட்டாள். கா.வுக்கு, எனக்கு, தனக்கு. சோறு வைத்துக்கொண்டே:

"நாப்பது இல்லீங்க."

"என்னது?"

"அப்ப எனக்கு அறுபது வார்த்தைக்கு மேல தெரியும். மீன் பேரே பதினெட்டு. கார்மென் கொறச்சுச் சொல்லிப்போட்டா. அதுக்கும் பேப்பர்ல போட்டுருங்க. பேரோட."

எழுதி, வாசித்துக் காட்டியாகிவிட்டது. "அறுபத்திமூணு" என்று மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.