‘அவனுக்குத் தெரியும்’ என்ற தியரி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
வெள்ளிக்கிழமை.

ராம்குமார் அண்ணன் அவர்களுக்கு, ஜாபிரின் மனைவி சப்ரீன் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணன் என்று எழுதவும் மனமில்லை. மூன்று வருடம் கூப்பிட்ட பழக்கம், அவ்வளவுதான். போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள். வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமெண்ட் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அதனால்தான் ராஜபாளையம் போய் உங்கள் அம்மாவிடம் சென்னை முகவரி வாங்கி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு வரவில்லை என்று சொல்ல முடியாதல்லவா? உங்கள் அம்மா பாவம். காபி போட்டுக் கொடுத்து, தெலுங்கும் தமிழுமாக உங்கள் பெருமையைத்தான் பேசினார். வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்களாம். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.

அந்தச் சேனல் நீங்களும் ஜாபிரும் சேர்ந்து ஆரம்பித்தது. வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தை வைத்து எடுத்த அந்த சூப்பர்ஹீரோ படத்தின் கதையை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார். எதனாலும் சாகாத ஒருவனை ஒரு சின்னக் குச்சி கொன்றுவிடும். எறிந்தவன் அவனுடைய பார்வையில்லாத சகோதரன். குச்சியைக் கையில் கொடுத்துத் திசை காட்டியவன் வேறொருவன். இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றதும் நீங்கள் ஒரு தியரி கண்டுபிடித்தீர்கள். யாரும் அந்தச் சகோதரனை ஏமாற்றவில்லை, அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் எறிந்தான் என்று. எப்படியும் சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கென்ன. அதற்கு ஆதாரமாக என் வீட்டு மனிதரைக் காட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

ஜாபிரின் அண்ணன், என் பெரிய மச்சானுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காலடியை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் எங்கள் சாக்குக் கடையில் வைத்து, விளையாட்டாக அதை நீங்கள் படம் எடுத்தீர்கள். இப்போது முகத்தை மட்டும் மங்கலாக்கிப் போட்டிருக்கிறீர்கள். பின்னால் அடுக்கியிருக்கும் சாக்குக் கட்டுகளை மங்கலாக்கவில்லை. இந்த ஊரில் சாக்குக் கடையில் உட்காரும் பார்வையில்லாத மனிதர் எத்தனை பேர்? அதற்கு மேல், “இப்பேர்ப்பட்டவருக்குக் கூடப் பிறந்தவன் எங்க நிக்கான்னு தெரியாமலா போயிரும்?” என்று ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு.

ஜாபிர் எப்படி இறந்தார் என்று ஊருக்கே தெரியும். படம் வெளியான அன்று, முதல் காட்சி முடிந்து, பெரிய மச்சானையும் கூட்டிக்கொண்டு பிளவக்கல் அணைக்குக் குளிக்கப் போனீர்கள். நீச்சல் சரியாக வராத அவர், இடுப்பில் கயிற்றைக் கட்டி மறு நுனியைத் தன் அண்ணன் கையில் கொடுத்தார். கயிறு கை நழுவிவிட்டது என்று போலீசில் நீங்களும் சொன்னீர்கள், பெரிய மச்சானும் சொன்னார். இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தது. உங்கள் தியரி வந்த பிறகு ஊரே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. கல்லூரிப் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, “அண்ணாச்சி, தெரிஞ்சுதான் விட்டீயளா?” என்று கேட்கிறார்கள். மாமி கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். சொந்த மகன்தான், ஆனால் அவரும் ஒரு தடவை அந்த வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டார்.

என்னை மட்டும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு மூன்று நாள் பெரிய மச்சான் கையில் டீயைக் கொடுக்காமல், மேசையில் டக்கென்று வைத்துவிட்டு நகர்ந்தேன். நாலாம் நாள் அவரே கேட்டார், “என்னம்மா, நீயும் கேக்கணுமா?” என்று. கேட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை அவர் அப்போதுதான் சொன்னார்.

கயிறு நழுவவில்லை. “அண்ணே, அவன் கரையேறிட்டான், கயித்த விடுங்க, வீடியோவுல குறுக்க வருது” என்று நீங்கள் கத்தியிருக்கிறீர்கள். கரையேறியது ஜாபிர் இல்லை. அன்றைக்குப் படம் பார்த்துவிட்டு அங்கே குளிக்க வந்த பாதிப் பேர் அதே கறுப்பு டி-ஷர்ட்தான். முதுகில் அந்தக் குச்சிப் படம். நனைந்த முதுகு ஒன்றைப் பார்த்து உங்கள் சினேகிதன் என்று நினைத்துவிட்டீர்கள். அது தப்புதான், கொலை இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால், அழுது முடித்துவிட்டு நானே உங்களை மன்னித்திருப்பேன்.

போலீசில் நீங்கள் ‘நழுவிவிட்டது’ என்றதும் பெரிய மச்சானும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று சண்டை போட்டேன். “அந்தப் பயலுக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருந்துச்சு. கேசு, கோர்ட்டுன்னு அலைஞ்சா வீணாப் போயிருவான். ஒருத்தன் போனது போதும்” என்றார். உங்களைக் காப்பாற்றியவரைத்தான் நீங்கள் நாலு லட்சம் பேர் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். உங்கள் தியரி எதற்கு என்று இப்போது எனக்குப் புரிகிறது. பார்வையில்லாதவனுக்கு எல்லாம் தெரியும் என்றால், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவன் மேல் பழி இல்லை.

ஆனால் நான் இதை எழுதுவது உங்களைத் திட்டித் தீர்க்க மட்டுமல்ல. அவர் இப்போது சாப்பிடுவதில்லை. அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுக் கேட்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, “நான் விடும்போது கயிறு இழுத்துக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு. கரையேறுனவன் கயிறு ஏன் இழுக்கணும்? அப்போ எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் விட்டுட்டேனோ?” என்று கேட்டார். தன் கையை விட உங்கள் கண்ணை நம்பினார், அது ஒன்றுதான் அவர் செய்தது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

வீடியோவை அழியுங்கள், அழிக்காமல் போங்கள். அடுத்த வெள்ளிக்கு முன்னால் நேரில் வந்து, அன்றைக்கு நீங்கள் கத்தியதை அவர் காதில் உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். போலீசுக்குப் போகமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றுவேன்.

உங்களுக்காகத் துஆ கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்கிறார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஜாபிர் பெயரைச் சொல்லி, அடுத்ததாக உங்கள் பெயரைச் சொல்கிறார். தனக்காக எதுவும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
சப்ரீன்