வீடியோ காலுக்கு ஒரு சுவர்

நவ. 11, செவ்வாய்

மழை. பள்ளி விடுமுறை. தப்பித்தேன், பாப்பாவின் சீருடையைத் துவைக்கவில்லை.

செய்ய வேண்டியவை: பாத்திரம். குளியலறை. பால்கனி டிரம்மைக் காலி பண்ணுவது.

செய்தது: இரண்டு தட்டு, ஒரு டம்ளர். பிறகு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா வந்து பசிக்கிறது என்றாள். பிஸ்கட்.

ஆடியில் அம்பத்தூர் டாக்டர் மனச்சோர்வு என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள். திரும்பப் போகவில்லை. பிரபுவுக்கு எதுவும் தெரியாது. அவர் புனேவில், வேலையில். முடியவில்லை என்றால் பாப்பாவைச் சேலத்தில் தன் அம்மாவிடம் விட்டுவிடலாம் என்று ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து முடிகிறது என்றே சொல்லி வருகிறேன்.

ஹாலில் ஒரு சுவரை மட்டும் துடைத்து வைத்திருக்கிறேன். வீடியோ காலுக்கு. அதன் முன்னால் உட்கார்ந்தால் நான் நல்ல குடும்பத்தலைவி.

நவ. 12, புதன்

தூறல். காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். டெங்கு செக்கிங் அம்மா.

“யம்மா, ஊட்ல யார்னா கீறீங்களா? தண்ணி பாக்கணும்!”

உள்ளே வந்தால் எல்லாம் பார்ப்பாள். சிங்க், துணிக்குவியல், டிரம். பாப்பாவின் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் நெற்றி என் மணிக்கட்டில் பட்டது. சுட்டது.

அந்த அம்மா போன பிறகு பார்த்தால், வாசல் சுவரில் சாக்பீஸில் ‘பூட்டு’. மூன்றாவது தடவை.

நவ. 13, வியாழன்

101. சிரப் கொடுத்தால் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

மாடிப்படியில் யாரோ: “எதிர் பிளாக் பையன அட்மிட் பண்ணிட்டாங்களாம். டெங்குவாம்.”

டிரம்மை எட்டிப் பார்த்தேன். லாரித் தண்ணீர், போன மாதம் பிடித்தது. மூடி இல்லை. நெளிகிறது, நூற்றுக்கணக்கில். கவிழ்க்கப் பார்த்தேன், அசையவில்லை. சொம்பால் மொண்டு ஊற்றினேன். எட்டாவது சொம்போடு உட்கார்ந்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்கு நானே கொசு வளர்த்திருக்கிறேன்.

பிரபு போனில்: “பாப்பா சத்தமே இல்லையே?”

“தூங்குறா.”

பயமாக இருக்கிறது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். ஆகாவிட்டாலும் அவளை என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவார்கள்.

நவ. 14, வெள்ளி

ஆரம்ப சுகாதார நிலையம், பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அந்த அம்மா மறுபடி வந்தாள். ஒரு சாண் திறந்தேன்.

“யாருக்னா காச்சல் அடிக்குதாமா?”

“இல்ல.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். எதையோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனாள். கதவைச் சாத்தினேன். உள்ளே பாப்பா கண்ணை மூடியபடியே, “மிஸ், வந்துட்டேன் மிஸ்” என்று பேசிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். நைட்டி, செருப்பில்லை, ஆறு நாள் குளிக்காத தலை. இரண்டு மாடி. பைக் நிறுத்தும் இடத்தில் பிடித்தேன்.

“இருக்குக்கா! என் பொண்ணுக்கு! மூணு நாளா!” கத்தியிருக்கிறேன் போல, வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

கூடவே மேலே வந்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு, “வீடு வந்து...” என்றேன்.

“ஊட்ட யாரு பாக்க வந்தா? கொயந்தய தூக்குமா, மொதல்ல.”

ஆட்டோவை அவளே பிடித்தாள். வெள்ளானூர் ரோடு முழுக்கப் பள்ளம், ஒவ்வொன்றிலும் பாப்பா முனகினாள். ரத்தம் எடுத்தாயிற்று. முடிவு மூன்று மணிக்கு. இப்போது இரண்டே முக்கால்.

டெங்கு அம்மா இன்னும் போகவில்லை. இப்போதுதான் மெதுவாகக் கேட்டாள்: “ஒனக்கு எத்தினி நாளாமா?”

“எனக்குக் காய்ச்சல் இல்லக்கா.”

“காச்சலயா கேட்டேன்?”

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சுவர்தான் இங்கே இல்லையே, சொல்லிவிட்டேன்.

“நாலு மாசமாக்கா.”

பாப்பாவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.