பனியனை எடுத்து ஒளித்துவிட்டேன்

உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. போன வருடம் சலாலா மலைத் தூறலில் மீன்பிடித்துவிட்டு நீங்கள் நடுங்கிக்கொண்டு வந்தது, உள்ளே போட்டிருந்த பருத்தி பனியனால்தான். அது நனைந்தால் காயாது. இன்று முதலில் சீக்கிரம் காயும் ஃபுட்பால் ஜெர்சி, அதன்மேல் ஸ்வெட்டர், கடைசியாக மழைக்கோட்டு. அந்த வரிசையிலேயே கட்டிலில் வைத்திருக்கிறேன். "பனியன் இல்லாம வெளிய போனா கூச்சமா இருக்கு தாமரை" என்பீர்கள். மீனுக்கு என்ன தெரியும்?

புளிசாதம் ஹாட்பேக்கில். பாலகுரு இன்று உங்களோடு மீன்பிடிக்க வரவில்லையாம், போன் செய்தார்.

நேற்று "நீயும் வர்றியா?" என்று கேட்டீர்கள். நான் புத்தகத்திலிருந்து நிமிரவே இல்லை. ஆசையாக இருக்கும்போதுதான் எனக்குச் சொல்ல வாய் வருவதில்லை.

பி.கு.: என் ஸ்வெட்டரையும் காரில் வையுங்கள். நம் குட்டி சம்யுக்தா ராத்திரி வரை அருணா வீட்டில் இருப்பாள். எனக்கு மதியம் டியூட்டி முடிகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.