ரெண்டு சபையில ஒரு ஆள்

திருப்பாதிரிப்புலியூர்,
ஆகஸ்ட் 2008

மாமாவுக்கு,

உங்க ஆராய்ச்சியில மூணாவது அத்தியாயத்தை டைப் பண்ணி முடிச்சிட்டேன். உங்க கையெழுத்து வரவர மோசமாவுது.

என்னைக்கோ கனடாவுல வாழ்ந்து செத்த ஒரு அரசியல்வாதிக்காக நீங்க சிதம்பரத்துல யுனிவர்சிட்டி லைப்ரரி பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கினப்ப எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. இப்ப அந்த மனுசனை நல்லாத் தெரியும். மாகாண சபையிலயும் உறுப்பினர், தலைநகரத்துப் பார்லிமென்ட்லயும் உறுப்பினர். அந்தக் காலத்துல அது தப்பில்லையாம். ரெண்டு ஊருக்கும் ரயில்ல அலைஞ்சிருக்கார். ரெண்டு இடத்துலயும், "அங்க வேலை ஜாஸ்தி"ன்னு சொல்லியிருப்பார். இதை நீங்க எழுதல, நானா நெனச்சுக்கிட்டேன். அவர் சம்சாரத்தைப் பத்தி ஒரே வரிதான் இருக்கு. அவங்க செத்துப்போன வருசம்.

போன வாரம் நீங்க விட்டுட்டுப் போன நீலச் சட்டையைத் துவைச்சேன். அறுந்த பட்டனை யாரோ அழகாத் தைச்சிருக்காங்க. உங்களுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. "அப்பா தைக்கக் கத்துக்கிட்டாரா?"ன்னு நம்ம பொண்ணு ஜெனித் கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.

ஒரே ஆள் ரெண்டு சபையிலயும் இருக்கக்கூடாதுன்னு சட்டம் வந்ததும், அவர் மாகாண சபையை ராஜினாமா பண்ணிட்டார்னு முடிச்சிருக்கீங்க. அவரை நம்பி ஓட்டுப் போட்ட ஜனங்க என்ன ஆனாங்கன்னு எழுதல. அடுத்த அத்தியாயத்துலயாவது எழுதுங்க.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் மீன் வாங்கணும். மூணு பேருக்கா, ரெண்டு பேருக்கா? போன் பண்ணிச் சொல்லிடுங்க. இந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் கேக்கல.

இப்படிக்கு,
உங்க மகளோட அம்மா