பெல்லமி அடிக்காத இரண்டு ஹோம் ரன்

மயூர் விஹார், தில்லி
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை காலை

சிரஞ்சீவி அனிருத்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீயும் ஷ்ருதியும் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே சொன்னாய். சொன்னாய் என்ற அளவில் அதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே மழை விட்டும் புழுக்கம் விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, லிஃப்ட் வேலை செய்கிற நாட்களில் கோயிலுக்குப் போய் வருகிறாள். எதிர் வீட்டுப் பத்மநாபனின் மகள் அபூர்வாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, பெட்டி கட்டுகிற சத்தம் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள் என்பதால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் நம் பேஸ்பால் அணி ஹெரன்ஸ் பற்றி. போன முறை நாங்கள் வந்திருந்தபோது உங்கள் ஊர் ஸ்டேடியத்துக்கு நீதான் எங்களை அழைத்துப் போனாய், கிரிக்கெட் மாதிரி இல்லை அப்பா, இதில் அவுட் ஆனவனுக்கும் அதே ஆட்டத்தில் மறுபடி மட்டை வரும், நம்ம சிக்ஸர் மாதிரி இங்கே ஹோம் ரன் என்று சொல்லிக்கொடுத்தாய். அன்று ஹெரன்ஸ் தோற்றது. தோற்ற பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த அந்த ஜனங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து, உங்கள் மாலை எங்கள் விடியல் என்பதால், காலைக் காப்பியோடு அந்த அணியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பேப்பர் எடுக்க வருகிற பத்மநாபன், ஹெரன் என்றால் கொக்கு என்று தெரிந்ததிலிருந்து, வாசலில் நின்று, என்ன ஜகன் சார், உங்க கொக்கு இன்னிக்காவது மீன் பிடிச்சுதா என்று கேட்காத நாளில்லை. பிடிக்கவில்லை என்பேன். அச்சா, அப்ப இட்லி சாப்பிடச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்த வருடம் ஏன் பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரலிலேயே அணி நிர்வாகம் இது ரீபில்டிங் சீசன், அதாவது அணியை மறுபடி கட்டுகிற வருடம், ரசிகர்கள் பொறுமை காக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. விளையாடத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மீசை முளைக்காத பையன்களை வாங்கி, இவர்கள் ஒருநாள் ஜெயிப்பார்கள் என்றார்கள். எந்த நாள் என்று எவரும் சொல்லவில்லை. நாம் குடியிருந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், உயரமான கட்டிடங்கள் வந்தது உண்மை, அவற்றில் நாம் இல்லை என்பதும் உண்மை. அதனால் ஒருவன் மறுபடி கட்டுகிறேன் என்று சொன்னால் யாருக்காக என்று நான் கேட்பேன். அது ஆபீஸில் நான் முறைகேடுகளை விசாரிக்கிற விஜிலென்ஸ் பிரிவின் கெட்ட பழக்கம் என்று உன் அம்மா சொல்வாள், சொல்லட்டும்.

கடைசியாக ஜூலை முடிவில் பெல்லமியையும் கொடுத்துவிட்டார்கள். நீ வாங்கிக் கொடுத்த, நான் வாக்கிங் போகும்போது அணிகிற சட்டையின் முதுகில் இருக்கும் அதே பெல்லமி. முதல் பேஸில் நின்றபடி, தோற்கிற ஆட்டத்திலும் எதிரணிக்காரனிடம் சிரித்துப் பேசுகிற அந்தத் தாடிக்காரன், இப்போது மேற்குக் கரையில் வேறு நிறச் சட்டையில் ஆடுகிறான். கடைசி ஆட்டத்தில் கூட்டம் எழுந்து நின்று கை தட்டிற்று, அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான், நானும் இங்கே ஹாலில் எழுந்து நின்றேன். அன்று உன்னிடமிருந்து ஒரு செய்தி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வேலையாக இருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு, ஆகஸ்ட் பிறந்தும் ஒரு வாரம் கழித்து, இந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை உன் சொற்களிலேயே திருப்பி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் ஷ்ருதியும் ஸ்டேடியம் போயிருந்தோம்ப்பா, பெல்லமி ரெண்டு ஹோம் ரன் அடிச்சான், கத்திக் கத்தி ஷ்ருதிக்குத் தொண்டையே கட்டிப்போச்சு, அதான் பேச முடியலை என்றாய். அம்மா பூரித்துப் போய், பெல்லமின்னா அந்தத் தாடிக்காரன்தானேடா என்றாள். ஆமாம்மா என்றாய். அந்த வெள்ளிக்கிழமை ஹெரன்ஸ் உங்கள் ஊரிலேயே இல்லை, அனிருத். வெளியூரில், பாதி நேரம் மழைக்காகக் காத்திருந்து, ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றதை நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்குப் போகாதவன் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. போனதாக ஒருவன் கதை கட்டினால் எதை மறைக்க என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். ஏப்ரலில் இருந்து எப்போது கேட்டாலும் ஷ்ருதி குளித்துக்கொண்டிருக்கிறாள், அல்லது மீட்டிங்கில் இருக்கிறாள், இப்போது தொண்டை கட்டியிருக்கிறது. வீடியோவில் உனக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர். ஏரி தெரிகிற அந்த ஜன்னல் எங்கே என்று கேட்டதற்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்றாய். அந்த ஊரில் இருக்கிற டாக்சிக்காரனுக்கும் பெல்லமி போனது தெரிந்திருக்கும். உனக்குத் தெரியவில்லை. நீ அந்த ஊரில் இல்லை என்று நினைக்கிறேன். இதை அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். ஏன்னா, உங்க ஆபீஸ் புத்தியை ஆத்துக்குள்ள கொண்டு வராதேங்கோ, குழந்தை என்ன ஃபைலா என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எனக்குக் கோபம் எதில் என்று தெளிவாக எழுதிவிடுகிறேன். உனக்கு என்ன நேர்ந்திருந்தாலும் அதில் எனக்குக் கோபமில்லை. ரசிகனுக்கு நிர்வாகம் அறிக்கை விடுவது போல, வாரம் ஒருமுறை எங்களுக்கும் ஒரு நல்ல செய்தி தயாரித்துக் கொடுத்தால் போதும் என்று நீ முடிவு செய்தாயே, அதில்தான். அம்மா அந்த இரண்டு ஹோம் ரன்னைக் கோயிலில் மாலாவிடமும் வைதேஹி மாமியிடமும் சொல்லியாகிவிட்டது. இன்று காலையில் காப்பியை வைத்துவிட்டு, பெல்லமி இன்னிக்கு அடிச்சானா என்று என்னிடம் கேட்டாள். அடித்தான் என்றேன். இந்த வீட்டில் அவளிடம் நான் சொன்ன பொய் அது, அதைச் சொல்ல வைத்தவன் நீ.

வேலை போயிருந்தால் அதை எழுது. ஷ்ருதி பிரிந்து போயிருந்தால் அதை எழுது. உடம்புக்கு ஏதாவது என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எழுது. காரணம் எழுத வராவிட்டால் காரணம் வேண்டாம். எங்கள் விசா இன்னும் செல்லும், லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட் எடுக்க எனக்கு ஒரு ஊரின் பெயர் மட்டும் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. வெந்நீர் குடி. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலில் இருப்பாள். அப்போது என் போனில் கூப்பிடு, அவள் போனில் வேண்டாம். எந்த முகவரியில் தபால் உனக்குச் சேரும் என்று தெரியாததால் இதைப் படமெடுத்து உன் நம்பருக்கு அனுப்புகிறேன். நீ எங்கே இருக்கிறாயோ அங்கே பெருமாள் உனக்குத் துணையாக இருக்கட்டும்.

உன் அப்பா,
ஜகந்நாதன்