சுத்தமான காடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேரவில்லை. நீயும் மருமகளும் நலமென்று போனில் கேட்ட குரலை வைத்து நம்பிக்கொள்கிறேன்.

மரம் வெட்டி மொட்டையாக்கின மேட்டில் நாங்கள் நட்ட காட்டுமரக் கன்றுகளின் படத்தைத் தலைமை ஆபீசில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ரொம்ப சுத்தமா இருக்கும்மா என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன சுத்தம் தெரியுமா? பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று எங்கள் நாற்றங்காலின் புது மேலாளர், அந்த மகாமேதை, புதரையெல்லாம் எடுங்க, மண்ணு தெரியணும் என்று ஆள்விட்டு அரிவாள் போடச் சொன்னார். நான் விதை பொறுக்கி, நாற்றங்காலில் பையில் வளர்த்து, நட்டு மூன்று வருஷம் காத்த கன்றுகள் இடுப்பளவு நின்றன. எல்லாம் களையோடு களையாகப் போயின. பெயர் எழுதிய குச்சிகளை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார்கள், நீ படத்தில் பார்த்தது அந்தக் குச்சிகளை. அவருக்கு மரம் என்றால் மேசை என்றுதான் தெரியும். உன் அப்பாவோ, விடேன், அவரு பெரிய படிப்பு படிச்சவரு என்கிறார். உன் அப்பாவுக்கு டை கட்டினவனெல்லாம் படித்தவன்தான்.

போன வாரம் மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். வெட்டுப்பட்ட தூர்களில் நாற்பத்தொன்று துளிர்த்திருக்கின்றன. இந்த முழங்காலோடு மண்டியிட்டு எண்ணினேன், அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. வரும் மாதம் மறுபடி சுத்தம் செய்யப்போகிறாராம் அந்த மகான், அங்கே சீக்கிரம் வளரும் ஒரே ஜாதி வெளிநாட்டு மரத்தைக் கோடு போட்ட நோட்டு மாதிரி நடுவாராம். வேண்டாம் என்றதற்கு, நீங்க பை நிரப்புற வேலைய மட்டும் பாருங்கம்மா என்று சொல்லிவிட்டு போனைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

அனுமதித் தாள் உன் மேசைக்குத்தான் வரும். நேரில் வந்து பார்க்கும்வரை அரிவாள் படக்கூடாது என்று ஒரு வரி எழுது, அதற்கு உன் படிப்பு போதும். போன முறை 'சுத்தம் செய்தல்' என்று வந்த தாளிலும் உன் கையெழுத்துதான் இருந்தது. அது என் மகனுடையது என்று இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை.

தலைவலிக்கு மாத்திரை விழுங்காமல் கண்ணாடியை மாற்று. மருமகளோடு குறையில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், இந்த ஆசியில் என் கோபம் கலக்கவில்லை. உறைக்குள் அந்தத் துளிரில் ஒரு இலை வைத்திருக்கிறேன். அது களை இல்லை.

ஆசிகளுடன்,
பை நிரப்பும் உன் அம்மா